உடையார் வீட்டு மூன்றாம் கிளை

மகேசன் வெறுங்கையோடு வரவில்லை. வெண்கலத் தட்டம் ஒன்று, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பயற்றம் பணியாரம், எல்லாவற்றுக்கும் மேலே பட்டுத் துணியில் சுற்றிய கனமான ஏதோ ஒன்று. ஒஸ்லோவின் குரோருட்டில் அந்த அடுக்குமாடியில் லிப்ட் பழுது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க, வாசலில் தட்டத்தோடு நின்றவரைக் கண்டதும் புஷ்பமலருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெண் பார்த்து, மோதிரம் மாற்றி, ஓகஸ்டில் கலியாணத்துக்கு மண்டபமும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பன் இன்னும் எதற்குத் தட்டம் தூக்கிக்கொண்டு அலைகிறார்?

உள்ளதைச் சொன்னால், பெண் பார்த்ததும் ஒரு பேச்சுக்குத்தான். மகேசனின் மகன் பிரசாந்தனும் புஷ்பமலரின் மகள் யதுர்ஷாவும் நாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அதற்கு நோர்வே மொழியில் ‘சம்போவர்’ என்று மரியாதையான ஒரு சொல் இருக்கிறது. தமிழில் அப்படி ஒரு சொல் இல்லாதபடியால் பெரியவர்கள் பின்னாலிருந்து ஒவ்வொரு சடங்காகச் செய்து நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

“சம்மந்தி, இதை முதல் முதல் உங்கடை கையிலைதான் தரவேணும் எண்டு இருந்தனான்,” என்று மகேசன் பட்டுத் துணியைப் பிரித்தார்.

புத்தகம். தடித்த அட்டை, பொன்னெழுத்து. ‘நாவலடிப்புலம்: பெரிய வீடுகளும் பெருங்குடும்பங்களும்.’ ஊர்ச்சங்கத்தின் பேரில், மகேசன் ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருந்த ஊர் வரலாறு. இருவருக்கும் யாழ்ப்பாணத்தில் அந்த ஒரே ஊர்தான். ஆனால் மகேசன் பிறந்தது முதலியார் வளவில். புஷ்பமலர் பிறந்தது ஊரின் மறுகரையில், பனங்கூடலுக்குள், ஓலைக் குடிசையில். மறுகரையைப் பற்றிப் புத்தகத்தில் ஏதாவது இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராத இடத்தில் ஏமாற்றமும் இல்லை என்று புத்தகத்தைச் சும்மா புரட்டினாள்.

வேலை என்னவோ பெரிய வேலைதான். முதலியார் வளவு, உடையார் வீடு, மணியகாரர் வீடு, விதானையார் வீடு என்று நாலு நாற்சார் வீடுகள். ஒவ்வொன்றிலும் எத்தனை தூண், எத்தனை சன்னல், எந்தக் கப்பலில் பர்மாத் தேக்கு வந்தது, எந்த வெள்ளைக்காரத் துரை எந்தத் திண்ணையில் இருந்து இளநீர் குடித்தான் எல்லாம் இருந்தது. தலைப்பாகையும் கோட்டும் போட்ட ஆண்கள் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள். தூணை எண்ணி எழுதியவருக்கு, அந்தத் தூணைத் தோளில் சுமந்து வந்தவர்களில் ஒருவனையாவது எண்ணத் தோன்றவில்லை.

“இருநூற்றுப் பதினாலாம் பக்கம் பாருங்கோ,” என்றார் மகேசன். பிள்ளைக்கு நத்தார்ப் பண்டிகைப் பரிசு கொடுத்துவிட்டுப் பிரிக்கச் சொல்லி நிற்கிறவரின் முகம்.

புஷ்பமலர் பார்த்தாள்.

‘உடையார் வீடு, மூன்றாம் கிளை. வேலுப்பிள்ளை உடையாரின் இளைய மகள் வழிப் பேரன் கணபதிப்பிள்ளை (ஆசிரியர், சிலகாலம் மலாயாவில் வாழ்ந்தவர்). அன்னாரின் ஏக புத்திரி புஷ்பமலர் (நோர்வே). அன்னாரின் புத்திரி யதுர்ஷா (பல்வைத்தியர், ஒஸ்லோ).’

இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் விரலை வைத்து வாசித்தாள்.

“இது ஆர் கணபதிப்பிள்ளை?”

“உங்கடை அப்பா.”

“என்ரை அப்பாவோ?”

“புத்தகத்துக்கு,” என்றார் மகேசன். குரலைத் தணித்து, புருசன் செத்த பிறகு புஷ்பமலர் தனியே இருக்கும் வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். “உடையார் வீட்டிலை அந்தக் கிளை ஆக்கள் எல்லாரும் மலாயாவுக்குப் போய் அழிஞ்சு போச்சினம். ஒருத்தரும் இல்லை. கேக்கிறதுக்கும் ஆளில்லை. எவ்வளவு யோசிச்சுச் செய்தனான் தெரியுமோ? ரொறன்ரோவிலை அக்கா ஒவ்வொரு கிழமையும் ரெலிபோன் எடுத்து, பெட்டை ஆரின்ரை பிள்ளை, ஆரின்ரை பிள்ளை எண்டு பிடுங்குறா. லண்டனிலை சித்தப்பா வீட்டுக்காரர் கலியாணத்துக்கு வாறதோ இல்லையோ எண்டு நிக்கினம். இனி ஒருத்தரும் வாய் திறக்கேலாது. புத்தகத்திலை இருக்கு.”

ஊர்ப் புத்தகங்கள் எதற்கு விற்கின்றன என்பது புஷ்பமலருக்குத் தெரியாததல்ல. ஒஸ்லோவில், லண்டனில், ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துப் புரட்டுவது சாதகத்தை அல்ல, இந்த மாதிரிப் புத்தகத்தின் கடைசி நூறு பக்கங்களைத்தான். யாருடைய பேரன், யாருடைய பேத்தி, எந்த வீடு, எந்தக் கிளை. முன்பக்கத்தில் கோயில் கோபுரம், உள்ளே வரலாறு, பின்னாலே பதிவேடு. அந்தப் பதிவேட்டில் அவளையும் அவள் பெற்ற பிள்ளையையும் இந்த மனுசன் நைசாக ஏற்றிவிட்டு, நன்றியை எதிர்பார்த்து வந்து நிற்கிறார். ஏற்றினதற்கு வாழைப்பழமும் கொண்டுவந்திருக்கிறார்.

“எடுங்கோ இதை,” என்றாள்.

“எதை?”

“இந்தப் பக்கத்தை. என்ரை அப்புவின்ரை பேர் கதிரன். எழுதுறதெண்டால் அதை எழுதுங்கோ. இல்லாட்டி என்னை விடுங்கோ.”

மகேசன் முகம் சுருங்கியது. கோபத்தால் அல்ல, மனவருத்தத்தால். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“அச்சடிச்சு முடிஞ்சுது. சென்னையிலை இருந்து நானூறு புத்தகம் வந்து இறங்கீற்றுது. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. முதல் பிரதி வாங்குறது நீங்கள் எண்டு சபையிலை அறிவிச்சாச்சு.” சற்றுப் பொறுத்துச் சொன்னார். “பிள்ளையின்ரை நன்மைக்குத்தானே சம்மந்தி. நீங்களும் முப்பத்தெட்டு வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே? நீங்கள் மறைச்சதை நான் கொஞ்சம் வடிவாய் மறைச்சிருக்கிறன். அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு புஷ்பமலர் கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. இந்த நாட்டில் கோயிலிலும் பிறந்தநாளிலும் யாராவது ஒரு மனுசி பக்கத்தில் வந்து இருந்து, “நீங்கள் நாவலடிப்புலத்திலை எவடம்?” என்று கேட்பாள். “சந்திக்குக் கிட்ட,” என்பாள் புஷ்பமலர். “அப்பா என்ன செய்தவர்?” “நான் சின்னனிலையே செத்துப் போட்டார்.” அதோடு கேட்டவளின் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். புஷ்பமலர் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவாள். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை தண்ணீர் குடித்தாள் என்று யாராவது அளந்திருந்தால் ஒரு குளம் வரும்.

தட்டத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மறுபடி எடுத்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் முதலியார் வளவின் தலைவாசல் படம் இருந்தது. கல்தூண் இரண்டு, மேலே சிங்கம் இரண்டு, மரக்கதவு. கீழே மகேசனின் நல்ல தமிழில் நாலு வரி.

‘இத்தலைவாசலைக் கடந்து செல்லும் ஊரார், முதலியார் குடும்பத்தின் மீதுள்ள அன்பின் நிமித்தம் சைக்கிளை விட்டு இறங்கி, தோள் சால்வையைக் கையில் எடுத்து நடந்து செல்லும் அழகிய வழக்கம் நெடுங்காலம் நிலவியது.’

அன்பின் நிமித்தம். அழகிய வழக்கம். புஷ்பமலர் புத்தகத்தை மேசையில் அடித்த அடியில் வாழைப்பழச் சீப்பு சரிந்து நிலத்தில் விழுந்தது.

அவள் தகப்பன் கதிரன் சீவல் தொழில் செய்தவன். விடியப்புறம் பனையில் ஏறி, கள்ளு இறக்கி, மரத்துக்கு மரம் தாவி இடுப்பிலும் மார்பிலும் தழும்பு ஏறிய மனிதன். அறுபத்தெட்டில் பழைய றலி சைக்கிள் ஒன்று வாங்கினான். ஒரு வருடம் அவனும் மற்றவர்களைப் போல அந்த வாசலில் இறங்கித்தான் நடந்தான். பிறகு ஒருநாள் இறங்கவில்லை. ஏன் அந்த நாள் என்று யாருக்கும் தெரியாது, அவனும் சொல்லவில்லை. புஷ்பமலருக்கு அப்போது ஏழு வயது, சைக்கிளின் முன்பாரில் இருந்தாள். சால்வை தகப்பனின் தோளிலேயே கிடந்தது. வளவுக்குள்ளிருந்து யாரோ அதட்டினார்கள். அவன் பெல்லை மட்டும் அடித்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகப் பதினொரு நாள் அப்படியே போனார்கள். பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் கொப்பளிப்பான் அம்மை. பாயில் கிடந்தாள். தகப்பன் தனியே போனான். வாசலில் மறித்து, கதவுக்குப் போடுகிற குறுக்கு மரத்தால் அடித்தார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ‘பனையால் விழுந்து’ என்று எழுதினார்கள். சீவல்காரன் பனையால் விழுவதை யார் கேள்வி கேட்பார்?

இது மகேசனுக்குத் தெரியும். யாரோ சொல்லித் தெரிந்ததல்ல.

எண்பத்தாறில் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் பதினாலு தமிழர் வேலை செய்தார்கள். முதலியார் வளவுப் பேரனும் கதிரனின் மகளும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் வெட்டினார்கள். கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் முதல் நாளே விரலை வெட்டிக்கொண்ட மகேசனுக்கு, முள்ளின் மேல் கத்தியைச் சாய்த்து இழுக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான். அங்கே எல்லோருக்கும் ஒரே நாற்றம். ஒரே பானையில் சோறு. “எவடம்?” என்று கேட்க அங்கே ஆட்கள் போதாது. பதினாலு பேரில் ஒருவரை ஒதுக்கினால் சீட்டு விளையாட ஆள் குறையும்.

மார்கழி மாதம், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் இருட்டு. இடைவேளையில் மகேசன் மீன்பெட்டி மேல் இருந்து அழுதுகொண்டிருந்தார். கையில் கடிதம். தகப்பன் இறந்துபோன செய்தி. அவள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போதுதான் சொன்னார்.

“புஷ்பம், அண்டைக்கு நான் வாசல் படலையிலை நிண்டனான். ஒன்பது வயசு. அப்பா கையைக் காட்டினவர். அதுக்குப் பிறகுதான் அடிச்சவங்கள். எல்லாம் பாத்தனான்.”

கோப்பை சரிந்து தேநீர் சிந்தியது. கோப்பையை அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அழுது முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மனிதன் தன் தகப்பனின் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுதுவிட்டான், இனி அந்தக் கணக்கு முடிந்தது என்று இருபத்துநாலு வயதில் நம்பினாள். பிறகு ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். ஒஸ்லோவில் தமிழர் பெருகினார்கள். கோயில் வந்தது, ஊர்ச்சங்கம் வந்தது, “எவடம்?” வந்தது. மகேசன் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ‘புஷ்பம்’ என்பதை விட்டு ‘நீங்கள்’ என்றார்.

அன்று பின்னேரமே யதுர்ஷாவுக்குப் போன் எடுத்தாள். புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள்.

“ஓம் அம்மா, பிரசாந்த் போட்டோ அனுப்பினவன். நல்லதுதானே? மாமா எங்களையும் சேர்க்கப் பாக்கிறார். அது வெறும் ஒரு பூக் அம்மா, ஆர் வாசிக்கப் போயினம்?” மகளுக்குப் புத்தகம் நோர்வே மொழியில் ‘பூக்’தான். “அதுசரி, உடையார் எண்டா என்ன? கிங் மாதிரியோ?”

புஷ்பமலருக்கு வாய் வரைக்கும் வந்தது. முப்பது வயது மகள், பல்வைத்தியர், யாருக்கும் பயப்படாத பிள்ளை. அவளிடம் ‘உன் அம்மப்பா இன்னார்’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் முப்பது வருடம் சொல்லாததைத் தொலைபேசியில் எங்கிருந்து தொடங்குவது? “ஒண்டுமில்லை, சாப்பிட்டியே?” என்று கேட்டுவிட்டு வைத்தாள். வைத்த பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். நல்ல கெட்ட வார்த்தையாகவே திட்டினாள்.

மகேசனுக்கு மூன்று தரம் போன் எடுத்தாள். முதல் தரம், “பாப்பம்” என்றார். இரண்டாம் தரம், “பிள்ளையளின்ரை சந்தோசத்தைக் கெடுக்கப் போறியளோ?” என்றார். மூன்றாம் தரம் அவர் எடுக்கவில்லை; மனைவி சிறிதேவி எடுத்து, “அவர் குளிக்கிறார் சம்மந்தி,” என்றாள். வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு என்ன குளிப்போ.

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் கடைத்தொகுதிக்குப் பக்கத்து மண்டபம். குத்துவிளக்கு, மீன் றோல், வடை, இருநூறு பேர். மேடையில் முதலியார் வளவின் தலைவாசலைத் துணியில் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சிங்கங்களுக்கு நடுவில் பிள்ளைகளைத் தூக்கி வைத்துச் சிரித்தார்கள். புஷ்பமலர் முன்வரிசையில் யதுர்ஷாவுக்கும் பிரசாந்தனுக்கும் பக்கத்தில் இருந்தாள். மடியில் கைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. பிரசாந்தன் நல்ல பிள்ளை. அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்துத் தன் சால்வையைக் கொடுத்தான். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நாலு பேர் பேசினார்கள். ஒருவர், வேர் தெரியாத மரம் சாய்ந்துவிடும் என்றார். இன்னொருவர், நோர்வேக்காரருக்குப் பண்ணை வீடுகளின் வரலாறு இருப்பது போல எங்களுக்கும் வந்துவிட்டது என்றார். கைதட்டினார்கள். பிறகு மகேசன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள, உடையார் வீட்டு மூன்றாம் கிளையின் வழித்தோன்றல், அமரர் கணபதிப்பிள்ளை ஆசிரியரின் புதல்வி, எமது அன்புக்குரிய சம்மந்தி திருமதி புஷ்பமலர் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.”

கைதட்டல். பின்வரிசைகளில் ஒரு சலசலப்பு. “ஓ, உடையார் வீடோ!” என்று ஒரு மனுசி ஆச்சரியப்பட்டது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முப்பத்தெட்டு வருடமாகக் கணக்குப் போட்டவர்களுக்கெல்லாம் விடை கிடைத்துவிட்டது.

புஷ்பமலர் ஏறினாள். புத்தகத்தை வாங்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கினாள். மகேசன் நன்றியுரை என்று நினைத்துச் சந்தோசமாகவே கொடுத்தார்.

“கணபதிப்பிள்ளை எண்டு எனக்கு ஒரு அப்பா இல்லை,” என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக, மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது. “என்ரை அப்புவின்ரை பேர் கதிரன். நாங்கள் உடையார் வீடும் இல்லை, ஒரு வீடும் இல்லை. இந்தப் புத்தகத்திலை முப்பத்தோராம் பக்கம் பாருங்கோ. அன்பிலை இறங்கி நடந்ததாம். என்ரை அப்பு இறங்கேல்லை. அதுக்காக இந்த வாசலிலை வைச்சு அடிச்சவங்கள். ஒன்பது நாளிலை செத்தவர். இதுக்கு முன்னாலை நிண்டுதான் நீங்கள் இவ்வளவு நேரமும் படம் எடுத்தனீங்கள்.”

சிறிதேவி முதலில் எழும்பினாள். “சம்மந்திக்குப் பிறஷர், குளிசை போடேல்லைப் போலை,” என்று சுற்றிவரப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்கு ஒரு பிறஷரும் இல்லை!” புஷ்பமலர் கத்தினாள். ஒலிவாங்கி கீச்சிட்டது. “மகேசண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் படலையிலை நிண்டு பாத்தனீங்கள். எனக்குச் சொல்லி அழுதனீங்கள். உங்களுக்கு நான் தேத்தண்ணி பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இப்ப இந்தச் சபைக்குச் சொல்லுங்கோ.”

இருநூறு பேரும் மகேசனைப் பார்த்தார்கள். அவர் தன் புத்தகத்தைப் பார்த்தார். அட்டையில் இல்லாத ஒரு தூசியைக் கையால் துடைத்தார்.

“எனக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகம் இல்லை,” என்றார். “நான் அப்ப சின்னப் பிள்ளை.”

அடித்தவன் மறுத்தால் அது வேறு. பார்த்தவன், பார்த்ததைத் தன் வாயால் சொல்லி அழுதவன், இல்லையென்கிறான். ஒருவனை இரண்டாம் தரம் கொல்லுவதற்கு மரக்கட்டை தேவையில்லை, இந்த ஒரு வசனம் போதும் என்று அந்த இடத்தில் அவளுக்குப் புரிந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் கை எழுந்தது.

அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். யதுர்ஷா மேடைக்கு வந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“அம்மா, உங்களுக்கு அப்ப எத்தினை வயசு?”

“ஏழு.”

“மாமாவுக்கு?”

“ஒன்பது.”

யதுர்ஷா மகேசனைத் திரும்பிப் பார்த்தாள். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிக் காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் திறக்கவில்லை. “ஏழு வயசுப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கு மாமா,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். கீழே பிரசாந்தன் எழும்பி நின்றான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான். அவள் அவனிடம், “நீ உன்ரை அப்பாவோடை கதைச்சு முடிச்சிட்டு வா,” என்றாள். கதவு வரைக்கும் ஒருவரும் மறிக்கவில்லை. வழிவிடுவதற்காகக் கதிரைகளை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே நல்ல வெயில். இருவரும் ரீ-பான் ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். மகள் தனக்காகத்தான் கோபப்படுகிறாள் என்று புஷ்பமலர் நினைத்தாள். உள்ளுக்குள் ஒரு பெருமை கூட எழும்பியது. அது ஐந்து நிமிடம் கூட நிலைக்கவில்லை.

“என்ரை அம்மப்பா ஆரெண்டு எனக்கு ஒரு மைக்கிலை தெரியவருது,” என்றாள் யதுர்ஷா. மெதுவாகத்தான் சொன்னாள். “இருநூறு பேரோடை சேர்ந்து எனக்கும் தெரியவருது. பள்ளிக்கூடத்திலை ஃபமிலி ட்ரே எண்டு குடும்ப மரம் வரையச் சொன்னவை, ஞாபகம் இருக்கோ? ரீச்சர் கேட்டவ, இந்தக் கட்டம் ஏன் வெறுமை எண்டு. ஊரிலை குண்டு விழுந்து பேப்பர் எல்லாம் எரிஞ்சு போச்செண்டு நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தனீங்கள். நான் அதையே போய்ச் சொன்னனான்.”

“உன்னை ஒருத்தரும் குறைச்சுப் பாக்கக் கூடாதெண்டு…”

“ஆர் பாத்தவை? நீங்கள்தான் பாத்தனீங்கள். நீங்கள்தான் அவரைக் குறைச்சுப் பாத்தனீங்கள்.”

“வெக்கமாய் இருந்தது,” என்றாள் புஷ்பமலர். “பயம் எண்டு சொல்லித் தப்பலாம். பயம் இல்லை. வெக்கம். எனக்கு அவரை நினைக்க வெக்கமாய் இருந்தது.”

மகள் தண்டவாளப் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் தாயின் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கிற நேரம் இன்னும் வரவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“கலியாணக் கார்ட்டிலை ‘இன்னாரின்ரை பேத்தி’ எண்டு ஒரு வரி போடவேணும்,” என்றாள். “அவரின்ரை பேரைப் போடுவன். கணபதிப்பிள்ளை இல்லை. மாமா வீட்டுக்காரர் ஏலாதெண்டால் கார்ட்டும் வேண்டாம், ஓகஸ்டும் வேண்டாம். அதை நான் பிரசாந்தோடை கதைக்கிறன்.” கைத்தொலைபேசியை எடுத்தாள். “சொல்லுங்கோ, எழுதுறன். பேர் கதிரன். பேருக்கு முன்னாலை என்ன போடுறது? அவை தங்கடை பக்கத்திலை முதலியார் எண்டு போடுவினம். இவர் என்ன வேலை செய்தவர்?”

அப்போதுதான் புஷ்பமலருக்கு உறைத்தது. மேடையில் அவ்வளவு கத்தியும், பேரைச் சொல்லியும், செத்த விதத்தைச் சொல்லியும், தொழிலை அவள் சொல்லவில்லை. அந்த ஆவேசத்திலும் நாக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் சுற்றிப்போய் வந்திருக்கிறது. யாரும் அவளை அப்போது மறிக்கவில்லை. தானாகவே விழுங்கியிருக்கிறாள்.

மண்டபத்திலிருந்து முன்னாலேயே எழும்பி வந்த ஒரு தமிழ்த் தம்பதி மூன்றடி தள்ளி நின்றார்கள். கையில் புத்தகப் பை. பார்க்காத மாதிரி நின்று, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

“அம்மா?”

“சீவல்,” என்றாள் புஷ்பமலர்.

“என்ன?”

“சீவல் தொழிலாளி எண்டு போடு,” என்றாள் உரத்து. மேடையில் கத்தியதை விட உரத்து. புத்தகப் பை வைத்திருந்த மனுசி திடுக்கிட்டுத் திரும்பினாள். புஷ்பமலர் முகத்தைத் திருப்பாமல், அந்த மனுசியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே மகளுக்குச் சொன்னாள். “பனையிலை ஏறிக் கள்ளு இறக்கினவர். அப்பிடியே போடு.”

யதுர்ஷா எழுதிக்கொண்டாள்.